வீட்டில் இருந்ததை வைத்துச் சமைத்த நாட்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கடைக்குப் போக முடியாத ஒரு வாரத்தில்தான் எனக்குச் சமையல் பிடிபட்டது. அதற்கு முன்பும் சமைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஒரு குறிப்பைப் பார்த்து, அதில் சொன்ன பொருளையெல்லாம் வாங்கி வந்து, சொன்னபடி செய்வேன். ஒரு பொருள் குறைந்தாலும் கை ஓடாது. அந்த வாரம் சின்னவனுக்குக் காய்ச்சல். அவர் வேலையாக வெளியூர் போயிருந்தார். பெரியவளுக்குப் பரீட்சை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லையே என்று மூடிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து அடுப்பு மேடையில் பரப்பினேன். பாதி முட்டைக்கோஸ், தோல் சுருங்கிய இரண்டு கேரட், மூன்று தக்காளி, நான்கு முட்டை, முந்தின ராத்திரி டப்பாவில் போட்டு வைத்த சோறு. தக்காளியில் ஒன்று தொட்டாலே குழிந்தது. வெளியே கூடையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் இருந்தன. ஃப்ரிட்ஜுக்குள் எட்டிப் பார்த்தபோது தெரியாதது, மேடையில் பரப்பியதும் தெரிந்தது. இரண்டு வேளைச் சாப்பாடு அங்கே இருந்தது.

எது முதலில் கெடும் என்று பார்த்தேன். சோறும் பழுத்த தக்காளியும் இன்றைக்கே ஆக வேண்டும். முட்டைக்கோஸ் இன்னும் நாலைந்து நாள் தாங்கும். உருளைக்கிழங்கும் வெங்காயமும் அவசரமே இல்லை. சரி, சோற்றில் ஆரம்பிக்கலாம்.

பொருள் குறைவாக இருந்ததால் வெங்காயத்துக்கு நேரம் கொடுக்கலாம் என்று தோன்றியது. இரண்டு வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, எண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துச் சிறு தீயில் வைத்தேன். முதல் பத்து நிமிடம் தண்ணீர் விட்டுக்கொண்டு வெளுப்பாகவே கிடந்தது. அப்புறம் ஓரங்களில் மஞ்சள் ஏறியது. வாணலியின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டத் தொடங்கியபோது, இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துக் கரண்டியால் சுரண்டினேன். அந்தப் படலம் முழுவதும் கரைந்து வெங்காயத்திலேயே போய்ச் சேர்ந்தது. இப்படி மூன்று தடவை. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், வெங்காயம் கால் பங்காகச் சுருங்கி, நல்ல பழுப்பாக, இனிப்பு வாசனையோடு நின்றது. மூன்று நாளாக எதையும் கேட்காத பிள்ளை படுக்கையிலிருந்து, "என்னம்மா பண்றே?" என்று கேட்டான்.

பழுத்த தக்காளியை அதிலேயே பிசைந்துவிட்டு, கேரட்டையும் கொஞ்சம் முட்டைக்கோஸையும் சன்னமாக நறுக்கி வதக்கித் தனியே எடுத்து வைத்தேன். அப்புறம் தீயைக் கூட்டி, சோற்றைக் கையால் உதிர்த்து இரண்டு தவணையாகப் போட்டேன். மொத்தமாகக் கொட்டினால் வாணலி சூடு இறங்கி, வறுபடாமல் ஆவியில் வெந்து குழையும். ஃப்ரிட்ஜில் இருந்த சோறு இதற்குச் சுடுசோற்றைவிட நல்லது. ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்து இறுகிவிடுவதால் பருக்கை ஒட்டாது. கடைசியில் முட்டையை ஊற்றிக் கிளறி, எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தேன். சின்னவன் ஒரு சின்னக் கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டான். பெரியவள் வாணலியில் ஒட்டியிருந்ததையும் வழித்தாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாள் வந்திருக்கும். எழுதுங்கள். சரியாக வராமல் போனதையும் எழுதுங்கள், அதில்தான் மற்றவர்களுக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

*

அக்கா, சரியாக வராததையும் எழுதச் சொன்னீர்களே, அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம் நான்தான் சமைத்தேன். காய் எதுவும் இல்லை. பருப்பு, தக்காளி, எலுமிச்சை இருந்தன. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு, எலுமிச்சையையும் பிழிந்து அடுப்பில் வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மூன்று முறை தண்ணீர் சேர்த்தேன். பருப்பை எடுத்து நசுக்கினால் நடுவில் கடுக்கென்றே இருந்தது. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ருசி நல்லா இருக்குப்பா, மென்னு சாப்பிட்டா போச்சு" என்றார். அவருக்கு அப்போது மெல்லவே தெம்பு இல்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

பிறகுதான் காரணம் தெரிந்தது. பருப்பிலும் காயிலும் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் கரைந்தால்தான் அவை மிருதுவாகும். புளிப்பு அதைச் சட்டென்று கரைய விடாது. உருளைக்கிழங்குக்கும் இதே கதைதான். அதனால் முதலில் பருப்பு விரலில் நசுங்கும் வரை வேக வேண்டும், தக்காளி அதற்குப் பிறகு, எலுமிச்சை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு. அடுத்த வாரம் அதே மூன்று பொருளை இந்த வரிசையில் செய்தேன். எண்ணெயில் கொஞ்சம் சீரகம் பொரித்து மேலே ஊற்றினேன். அம்மா இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

*

உப்பு கூடிப்போனால் உருளைக்கிழங்கைப் போட்டால் உறிஞ்சிவிடும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காய்கறி சூப்பில் தெரியாமல் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு, மூன்று கிழங்கை வேகவைத்து எடுத்துப் பார்த்தேன். சூப் அப்படியேதான் கரித்தது, கிழங்கும் கரித்தது. கிழங்கு உறிஞ்சுவது உப்புத் தண்ணீரை, உப்பை மட்டும் அல்ல. தண்ணீரும் உப்பில்லாமல் வேகவைத்த பருப்பும் சேர்த்து அளவைக் கூட்டிய பிறகுதான் வாயில் வைக்க முடிந்தது. அந்தக் கிழங்கை மசித்துக் கட்லெட் ஆக்கினேன், உப்பே சேர்க்கவில்லை.

*

முதலில் எழுதிய சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பரப்பி வைத்துப் பார்ப்பது அருமையான வழி. ஆனால் எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளறினால் பாதி தட்டிலேயே நிற்கும். ஆறு பேர் சாப்பிடுகிறோம். மாமனாருக்குக் காரம் ஆகாது, ஒரு பிள்ளை முட்டை தொடமாட்டான், இன்னொருத்திக்குக் கேரட்டைக் கண்டாலே முகம் மாறும். அதனால் சோறு, வதக்கிய காய், முட்டை, வறுத்த வெங்காயம், தயிர் என்று தனித்தனிக் கிண்ணமாக நடுவில் வைத்துவிடுகிறேன். அவரவருக்கு வேண்டியதை அவரவரே எடுத்துக்கொள்கிறார்கள். வேலை ஒன்றும் கூடவில்லை, கிண்ணம் நாலு கூடுதலாகக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். போன மாதம் கேரட் வேண்டாம் என்றவள், தம்பி எடுப்பதைப் பார்த்துத் தானும் இரண்டு துண்டு எடுத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

*

கையில் இருப்பதை வைத்துச் சமைப்பவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். சிவப்பு ராஜ்மா. எங்கள் உறவினர் வீட்டில், அலமாரியில் இருந்ததை ஊறவைத்து, மிதமான சூட்டில் நாள் முழுக்க வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். அன்று இரவு வீட்டில் எல்லோருக்கும் வாந்தி. வயசானவரும் இருந்தார், அதனால் ரொம்பவே பயந்துவிட்டார்கள். மறுநாளே சரியாகிவிட்டது, நல்ல வேளை.

வேகாத ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று அதிகமாக இருக்கிறது. நன்றாகத் தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். மெல்லிய சூட்டில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் போதாது, அரைவேக்காடு வேகாததை விடவும் மோசமாகலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் கொதிக்க விடுங்கள். 10 நிமிடக் கொதியில் நச்சு போய்விடும், நான் அரை மணி நேரம் கொதிக்கவிட்ட பிறகுதான் தீயைக் குறைக்கிறேன். பிரஷர் குக்கரில் தண்ணீரின் கொதிநிலையே 120 டிகிரி வரைக்கும் ஏறுவதால் அதில் வைப்பவர்களுக்குக் கவலை இல்லை. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்ததுதான்.

*

எல்லோருக்கும் நன்றி. பருப்பு விஷயத்தை எழுதிய தம்பி, நானும் தக்காளியை முதலிலேயே போட்டுக்கொண்டிருந்தவள்தான். இனி மாற்றிக்கொள்கிறேன். தனித்தனிக் கிண்ணம் நேற்றே செய்து பார்த்தேன், பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது.

மீந்த சோற்றை எவ்வளவு நாள் வைக்கலாம் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இதில் நான் ரொம்பக் கறார். அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சமைத்தாலும் சாவதில்லை. சோறு வெளியிலேயே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடுபடுத்தினாலும் அந்த நச்சு போகாது. சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. சாப்பிட்டு முடித்ததும் மீந்ததை அகலமான தட்டில் பரப்பி, சூடு தணிந்ததும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். குவியலாக வைத்தால் நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். மறுநாளே தீர்த்துவிடுவேன், ஆவி பறக்கச் சூடுபடுத்தித்தான் பரிமாறுவேன், ஒரு தடவை சூடுபடுத்தியதை மறுபடி எடுத்து வைப்பதில்லை. அன்றைக்குக் காய்ச்சலில் இருந்த பிள்ளைக்கு அந்தச் சோற்றைத் தைரியமாகக் கொடுக்க முடிந்ததே முந்தின ராத்திரி அப்படி எடுத்து வைத்ததால்தான்.

இப்போதெல்லாம் பெரியவள்தான் மேடையில் பரப்புகிறாள். இன்று காலை காய்ந்துபோன நாலு துண்டு ரொட்டி, இரண்டு முட்டை, அரை டம்ளர் பால் இருந்தது. ரொட்டி காய்ந்திருக்கிறதே என்றேன். "காய்ந்தால்தான் பாலை நல்லா இழுக்கும், பிய்ந்துபோகாது, நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்று சொல்லிவிட்டு முட்டையை உடைக்க ஆரம்பித்தாள்.