எம்டனுக்கும் போர் நினைவுச் சின்னத்துக்கும் என்ன சம்பந்தம்?

கோட்டைவாசி:
காமராஜர் சாலையின் வடமுனையில் நிற்கும் போர் நினைவுச் சின்னம், 1914இல் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையின் மீது குண்டு வீசியதன் நினைவாக எழுப்பப்பட்டது என்று ‘நடைப்பயணி’ நேற்று இங்கே எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அது முதல் உலகப் போரில் நேச நாடுகள் பெற்ற வெற்றிக்காக எழுப்பப்பட்டது. பின்னர் இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த சென்னை மாகாணத்து வீரர்களுக்கும், விடுதலைக்குப் பிறகு 1948 காஷ்மீர்ச் சண்டையிலும் 1962 சீனப் போரிலும் பாகிஸ்தானுடனான போர்களிலும் மாண்டவர்களுக்கும் உரியதாயிற்று. எம்டன் குண்டுக்கான கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே செயின்ட் ஜார்ஜ் கோட்டை முழுவதும் கிடப்பது, பெயரிலேயே நடையை வைத்திருப்பவரின் கண்ணில் எப்படிப் படாமல் போயிற்று?

நடைப்பயணி:
கோட்டைவாசி ஐயா, தாங்கள் கோட்டையைக் கட்டிய நாளிலிருந்து அங்கேயே குடியிருப்பதைப் போலப் பேசுகிறீர்கள். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் வந்து துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது முதல் உலகப் போரிலா, இல்லையா? அந்தப் போருக்கு இந்த ஊரில் ஒரு சின்னம் வைத்தால், அந்தப் போரில் இந்த ஊரின் மீது விழுந்த குண்டையும் அது சேர்த்துத்தானே நினைவுகூரும்? ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லுங்கள்.

கோட்டைவாசி:
இல்லை. கல்யாண மண்டபத்தில் மழைக்கு ஒதுங்கியவனையும் மாப்பிள்ளை என்று எழுதிவிடுவீர்கள் போலிருக்கிறது. அந்தச் சின்னம் மாகாணத்தை விட்டுப் போய்ச் செத்தவர்களுக்கானது. பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் கரையிறங்கி, ஜெர்மானியத் துப்பாக்கிகளிடமும், கூடு கலைந்த தேனீக்களிடமும் சேர்ந்தே அடிபட்டது. மதராஸ் சாப்பர்கள் என்ற படைப் பொறியாளர்கள் மெசபடோமியாவின், அதாவது இன்றைய ஈராக்கின், சேற்றில் நின்றார்கள். இவர்களையெல்லாம் விட்டுவிட்டு, அரை மணி நேரம் சுட்டுவிட்டு இருட்டில் ஓடிப்போன ஒரு கப்பலுக்குச் சின்னத்தைத் தூக்கிக் கொடுக்கிறீர்களே!

நாஞ்சிலான்:
ஓடிப்போன கப்பல் என்று இளக்காரமாகச் சொல்ல வேண்டாம். அந்தக் கப்பலில் எங்கள் விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். சென்னையைச் சுடச் சொன்னதும், மக்களைத் தொடாமல் எண்ணெயை மட்டும் குறிவைக்கச் சொன்னதும் அவர்தான். சின்னம் வைப்பதென்றால் அவருக்கல்லவா வைத்திருக்க வேண்டும்?

கோட்டைவாசி:
செண்பகராமன் மீது எனக்கு மதிப்பு உண்டு. பெர்லினில் இருந்துகொண்டு அவர் செய்தவை போதாதா? எதற்காக அவரைக் கப்பலிலும் ஏற்றுகிறீர்கள்? எம்டனின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் அதை நொறுக்கியது. எம்டனில் செண்பகராமன் இருந்தார் என்பதற்கு ஓர் ஆவணம் காட்டுங்கள், நானே மாலை வாங்கி வருகிறேன். அதுவரை விஷயம் ஒன்றுதான்: எம்டனின் கல்வெட்டு உயர் நீதிமன்றச் சுவரில்.

நாஞ்சிலான்:
வெள்ளைக்காரன் எழுதி வைத்தால் ஆவணம், எங்கள் பாட்டி சொன்னால் கதை. நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம்.

கூவக்கரையான்:
நேப்பியர் பாலத்தில் நின்று தினமும் அந்தச் சின்னத்தைப் பார்ப்பவன் என்ற முறையில் கேட்கிறேன்: ‘வெற்றி’ என்கிறீர்களே, யாருடைய வெற்றி? நம் ஆட்கள் செத்தார்கள், வெற்றி வேறொருவனுடையது. இதைப் பற்றி யாரும் பேசவில்லை. கோட்டைவாசி அவர்கள் பேசவும் மாட்டார். தீவுத்திடலில் குதிரை மீது சிலையாக இருக்கும் பழைய ஆளுநர் மன்றோவுக்குச் சிற்பி அங்கவடியை, அதாவது கால் வைக்கும் வளையத்தை, மறந்துவிட்டான் என்று போன மாதம் இங்கே அடித்துச் சொன்னவர்தானே இவர்?

கோட்டைவாசி:
‘மறந்துவிட்டான் என்று ஒரு கதை உண்டு’ என்றுதான் எழுதினேன். அந்தச் சிலையை வடித்த சான்ட்ரியைப் போன்ற சிற்பி மறந்திருப்பான் என்று நான் நம்பியதே இல்லை. பழைய பதிவைத் திரும்பப் படியுங்கள். மன்றோவை இங்கே இழுப்பது, எம்டனைப் பற்றிப் பதில் இல்லாததால்தான்.

நடைப்பயணி:
பதில் கேட்டவன் நான், ஐயா. எம்டன் முதல் உலகப் போரிலா, இல்லையா?

கோட்டைவாசி:
போரில்தான். ஆனால் சின்னத்தில் இல்லை. குடியரசு நாளன்று காலையில் ஆளுநர் அங்கே மலர்வளையம் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அது எண்ணெய்த் தொட்டிக்கா? அந்த வட்டச் சுவரையும் நடுவில் உயரும் தூணையும் சுற்றி வந்து, எம்டன் என்ற பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது என்று படம் எடுத்துப் போடுங்கள்.

நடைப்பயணி:
பெயர் இல்லாவிட்டால் என்ன? யாராவது பிடிவாதமாகப் பேசினால் ‘அவன் ஓர் எம்டன்’ என்று இந்த ஊர் இன்றும் சொல்கிறது; அதற்கான உயிருள்ள உதாரணத்தை இங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம். என் குறிப்பில் ஒரு சொல்லையும் மாற்றப் போவதில்லை.

கோட்டைவாசி:
மாற்ற வேண்டாம். உங்கள் குறிப்பை நம்பி வருகிறவர்களை நானே சின்னத்தடியிலிருந்து உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுவர் வரை நடத்திக் கூட்டிச் செல்கிறேன். வெயிலில் நடந்து வந்தவர்கள் உங்களைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதையும் இங்கேயே பதிவிடுகிறேன்.

நாஞ்சிலான்:
போகிற வழியில் செண்பகராமன் பெயரையும் சொல்லுங்கள்.