பக் நாய் புஜ்ஜி இன்று இரவு எங்கே?

பிரியா: ஏசி நின்றுவிட்டது. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாராம். மொட்டை மாடிக்கு நேர் கீழே வீடு, உள்ளே அனலாக இருக்கிறது. புஜ்ஜிக்கு ரொம்ப மூச்சு வாங்குகிறது. இன்று இரவு மட்டும் யாராவது வைத்துக்கொள்ள முடியுமா?

ரகு: என்னாச்சு

மீனா சித்தி: ஐயோ குழந்தை

மோகன் சித்தப்பா: ஃபேனை அவன் பக்கம் திருப்பி வை. சரியாகிவிடும்.

வசந்தி அத்தை: மோகா, ஃபேன் மட்டும் போதாது. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், காற்று பட்டதும் சூடு இறங்கும். நாய்க்கு வியர்ப்பது பாதத்தில் கொஞ்சம்தான். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்க வேண்டும், வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகித்தான் அது குளிரும். பக்குக்கு மூக்கே குட்டை. துவாரம் குறுகல், உள்ளே அண்ணச் சதை நீண்டு பாதி வழியை அடைத்துக்கொண்டிருக்கும். சிரமப்பட்டு மூச்சு இழுக்கிற வேலையிலேயே இன்னும் சூடாகும், தொண்டை வீங்கும், வழி இன்னும் குறுகும். அதனால்தான் இந்த ஜாதி நாய்க்கு மட்டும் நான் இவ்வளவு பதறுகிறேன். பிரியா, உதட்டைத் தூக்கி ஈறு என்ன நிறம் என்று பார்.

ரகு: அத்தை வகுப்பு தொடங்கியாச்சு

பிரியா: இளஞ்சிவப்புதான் அத்தை. கூப்பிட்டால் வருகிறான். நாக்கு நுனி மட்டும் கரண்டி மாதிரி அகன்று மடங்கியிருக்கிறது. பின்னங்கால் இரண்டையும் பரப்பி டைல்ஸில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடக்கிறான்.

வசந்தி அத்தை: நாக்கு அப்படி அகன்றால் நல்ல சூடு என்று அர்த்தம். வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் நனைத்துவிட்டு அப்புறம் ஃபேனைப் போடு. ஈரத்தின் மேல் காற்று பட்டால்தான் பலன். கழுத்துப் பட்டையைக் கழற்று. முகத்து மடிப்பை மட்டும் துடைத்துவிடு, ஈரம் தங்கினால் புண்ணாகும்.

மீனா சித்தி: ஈரத்துண்டு போர்த்தலாமா அண்ணி

வசந்தி அத்தை: போர்த்தி அப்படியே விட்டால் துண்டே சூடாகி வெப்பத்தை உள்ளே பிடித்துக்கொள்ளும். கீழே விரித்து அதன் மேல் படுக்க வைக்கலாம்.

பெரியப்பா: ஐஸ் போட்ட தண்ணீர் குடித்தால் நாய் செத்துவிடும் என்று ஒரு ஃபார்வர்டு வந்ததே. அனுப்பட்டுமா?

வசந்தி அத்தை: வேண்டாம் அண்ணா, அது உண்மையில்லை. கிண்ணத்தில் ஓரிரு கட்டி போடலாம். மடமடவென்று குடிக்கவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும்.

பிரியா: எங்கள் டேபிள் ஃபேன் இருந்தால் வசதியாக இருக்கும். ரகு அண்ணா கல்யாணத்துக்கு எடுத்துப் போனது.

மோகன் சித்தப்பா: அதைத் திருப்பிக் கொடுத்தாச்சே

பிரியா: யாரிடம் சித்தப்பா?

மீனா சித்தி: நம் பரணில்தான் இருக்கிறது

பெரியப்பா: அந்தக் கல்யாணப் பேச்சை இங்கே எடுக்க வேண்டாம்.

ரகு: அப்பா, ஃபேனைப் பற்றித்தான் பேசுகிறார்கள்

பாட்டி: 🎤 குரல் பதிவு 0:48

மோகன் சித்தப்பா: அம்மா என்ன சொல்கிறார்? நான் வெளியே இருக்கிறேன்

ரகு: கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டதாம். அப்புறம் புஜ்ஜி சாப்பிட்டானா என்று கேட்கிறார்

வசந்தி அத்தை: இரைக்கும்போது சாப்பாடு வேண்டாம், அடங்கட்டும். அண்ணா, நீங்கள் வரும்போதெல்லாம் பிஸ்கட் போடுவதை இனியாவது நிறுத்துங்கள். கொழுப்பு கூடினால் சூடும் வெளியேறாது, மூச்சுக்கும் இன்னும் சிரமம்.

பெரியப்பா: அவன்தான் கேட்கிறான்

பிரியா: தெர்மாமீட்டரில் 39.4 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது அத்தை

வசந்தி அத்தை: இயல்பு 38.3 முதல் 39.2 வரை. கொஞ்சம்தான் கூட. நனைத்துவிட்டு மறுபடி பார். 40 தாண்டினால் டாக்டருக்குப் போன் செய். 41 என்றால் உயிருக்கே ஆபத்து. ஈறு கருஞ்சிவப்பானாலோ, எச்சில் கெட்டியாக ஒட்டினாலோ, தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருக்காதே. முதலில் தண்ணீர் ஊற்றிக் குளிர வை, பிறகு வண்டியில் ஏற்று. போகிற வழியிலும் காற்று படவேண்டும்.

மோகன் சித்தப்பா: ஜன்னலைத் திறந்து வைக்கலாமே

வசந்தி அத்தை: வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் சரி. புழுக்கமான காற்றில் ஈரம் ஆவியாகாது, அவன் எவ்வளவு இரைத்தாலும் பயனில்லை.

பிரியா: சரி. இப்போது 39.1. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான் 🙏 ஆனால் இரவு?

மீனா சித்தி: எங்கள் வீட்டில் ஏசி பாட்டி அறையில்தான். நாய் முடி பட்டால் அவருக்கு இருமல்.

ரகு: எங்கள் வீடு தரைத்தளம், ஹாலில் ஏசி. அப்பா?

பெரியப்பா: எனக்கு ஒன்றும் இல்லை. உன் அம்மாவைக் கேள்.

ரகு: தூங்குகிறார்

வசந்தி அத்தை: போன முறை சோபாவைக் கடித்தானே, அந்தக் கோபம் இன்னும் போகவில்லையா?

பெரியப்பா: எழுந்ததும் நானே பேசுகிறேன்

பிரியா: 9 மணிக்குள் சொன்னால் காரை முன்கூட்டியே குளிர வைத்துக்கொண்டு கிளம்புவேன் பெரியப்பா

மோகன் சித்தப்பா: அப்படியானால் ஃபேன் வேண்டுமா வேண்டாமா? ஏணி எடுக்க வேண்டும்

வசந்தி அத்தை: எங்கே தங்கினாலும் ஃபேன் வேண்டும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்றும் யோசியுங்கள்.

மீனா சித்தி: ரகு, சொட்டு மருந்து எது? பச்சை மூடியா நீல மூடியா?