கலைச்சொல்: மீன்தொட்டி ஓவர்ஃப்ளோ, ரிட்டர்ன் பம்ப், இரண்டின் கெபாசிட்டி

அனைவருக்கும் வணக்கம். மீன்தொட்டியின் மேல்மட்டத்தில் வழியும் நீரைக் கீழே இருக்கும் தொட்டிக்கு (சம்ப்) இறக்கிவிடும் பெட்டி ஓவர்ஃப்ளோ, அதை மறுபடி மேலே அனுப்புவது ரிட்டர்ன் பம்ப். இவற்றுக்குத் தமிழ்ப் பெயர் கேட்ட நண்பருக்கு என் பதில் இது.

> ஓவர்ஃப்ளோவுக்கு 'மிகைவழிவு', ரிட்டர்ன் பம்புக்கு 'திரும்பு எக்கி', கெபாசிட்டிக்குக் 'கொள்ளளவு' என்று வைத்துக்கொள்ளலாமா?

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், தரையை நனைக்கப் போவது அதுதான். கொள்ளளவு என்றால் தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது. பம்ப் எதையும் பிடித்து வைப்பதில்லை. மணிக்கு எவ்வளவு இறைக்கும் என்பதே அங்கே கேள்வி, ஆகவே இறைதிறன். ஓவர்ஃப்ளோ இறைப்பதும் இல்லை, வந்த தண்ணீரைப் போக விடுகிறது, அதற்குப் போக்குதிறன். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றையே பிடித்துத் தொங்குவானேன்? பிரித்துவிட்டால் விதியையும் ஒரே வரியில் எழுதிவிடலாம்: போக்குதிறன், இறைதிறனைவிட எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். 'கொள்ளளவு' போட்டு இதே வரியை எழுதிப் பாருங்கள், தலையும் புரியாது வாலும் புரியாது.

அடுத்து 'மிகைவழிவு'. சம்ப் வைத்த தொட்டியில் தண்ணீர் இருபத்து நாலு மணி நேரமும் வழிந்துகொண்டேதான் இருக்கும். அதில் மிகை எதுவும் இல்லை. தவிர, அது நிகழ்ச்சியின் பெயர். நமக்கு வேண்டியது கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்தப் பெட்டிக்குப் பெயர். ஏரி நிறைந்தால் கரை உடையாமல் உபரியை வெளியே விடும் கல்கட்டுக்குக் கலிங்கு என்று பெயர் இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாம். கலிங்கின் மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பார்கள். தொட்டியில் அந்த இடத்தில் மீன் போகாமல் தடுக்கும் சீப்பு இருக்கிறது.

அந்தச் சீப்புதான் கணக்கைக் கெடுப்பது. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளிம்பு வரை 340 லிட்டர். கல், மணல், மேல் இடைவெளி போனால் 300 என்று வையுங்கள். மணிக்கு ஐந்து மடங்கு சுழற்சி போதும் என்றால் 1500 லிட்டர். பற்களே இல்லாத 20 செ.மீ. கலிங்கில் இந்த நீர் ஏறக்குறைய 11 மி.மீ. உயரத்துக்கு நின்று வழியும். சீப்பின் பற்கள் பாதி அகலத்தை அடைத்தால் 17 மி.மீ. அதே கலிங்கில் 3000 லிட்டர் விட்டால் 27. இதற்கு மேல் ஓர் இலை வந்து ஒட்டினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனவே கலிங்கின் 'அகலம்' என்று கலைச்சொல் பதிவில் எழுதும்போது, பற்களைக் கழித்த திறப்பகலம் என்றே விளக்கம் கொடுக்க வேண்டும்.

> எங்கட பக்கம் குளம் வான் பாயுது எண்டுதான் சொல்லுவம். வான் கதவு எண்டு செய்தியிலயும் வரும்.

அழகான சொல், ஐயா. ஆனால் 'வான்பெட்டி' என்று எழுதினால் இந்தப் பக்கத்து ஆள் ஆகாயத்தைப் பார்ப்பான். கலிங்கைத் தலைச்சொல்லாக வைத்து, ஈழ வழக்கு என்று வானையும் பக்கத்திலேயே தருவோம். பெட்டியிலிருந்து கீழே இறங்கும் குழாய்க்கு, நெல்லைப் பக்கம் 'குளம் மறுகால் பாயுது' என்பார்களே, அந்த மறுகால். ஒரு இஞ்ச் மறுகாலில் காற்றும் நீரும் கலந்து விழும்போது மணிக்கு 2000 லிட்டருக்கு மேல் நம்ப வேண்டாம். காற்றே இல்லாமல் முழுக் குழாயாக ஓடவிட்டால் இன்னும் அதிகம் போகும், சத்தமும் இருக்காது. ஆனால் அடைத்துக்கொண்டால் காப்பாற்ற, பக்கத்தில் காலியாக இன்னொரு மறுகால் கட்டாயம்.

'திரும்பு எக்கி' வேண்டாம். சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைத்தெருவில் போய் எக்கி கேட்டால் யாருக்கும் புரியாது என்பது இருக்கட்டும், 'திரும்பு' என்றதும் பம்பே திரும்புவது போல இருக்கிறது. மீளேற்றி என்கிறேன், ஏற்றம் நமக்குப் பழகிய சொல். கூடவே, பம்ப் நீரை எவ்வளவு உயரம் ஏற்றும் என்பதைச் சொல்லும் ஹெட்டுக்கு ஏற்றுயரம் என்பதும் கிடைத்துவிடும். இதைத் தனிப் பதிவாகவே போட வேண்டும். பம்ப் வரும் அட்டைப்பெட்டியில் மணிக்கு 3000 லிட்டர், ஏற்றுயரம் 3 மீட்டர் என்று அச்சிட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. முதல் எண் உயரமே ஏற்றாதபோது, இரண்டாவது எண்ணில் ஒரு சொட்டும் வராது. ஒன்றரை மீட்டரில் உத்தேசமாகப் பாதி. வளைவுகள், குறுகிய குழாய் எல்லாம் போக மிஞ்சுவது நிகர இறைதிறன். போக்குதிறனோடு ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

சம்பைக் கீழ்த்தொட்டி என்றே வைப்போம். சென்னையில் சம்ப் என்றால் வாசலில் மூடி போட்ட குடிநீர்த் தொட்டி ஞாபகம்தான் வரும்.

ஒன்று மட்டும் எனக்குச் சரியாக அமையவில்லை. கரண்ட் போனதும் மீளேற்றியின் குழாய் வழியாகவே மேல்தொட்டி நீர் கீழே இறங்குமே, அதற்குப் 'பின்வடிதல்' போதுமா? நம் நான்கடித் தொட்டியில் ஒரு செ.மீ. மட்டம் இறங்கினால் ஏறக்குறைய 5.6 லிட்டர், குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 4 செ.மீ. கீழே இருந்தால் குறைந்தது 22 லிட்டர் கீழே வரும். அதை வாங்கிக்கொள்ள கீழ்த்தொட்டியில் விட்டுவைக்கும் இடத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். 'ஒதுக்கிடம்' என்று எழுதிப் பார்த்தேன், அரசாணை வாடை அடிக்கிறது. வேறு யாராவது சொல்லுங்கள்.