'அவுட் ஆஃப் ஆப்ரிக்கா' தமிழ் சப்டைட்டில் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. சிட்னி போலாக் இயக்கி, ஏழு ஆஸ்கர் வாங்கிய 1985 படம்தான். என்னிடம் இருக்கும் டிவிடி, ராபர்ட் ரெட்ஃபோர்ட் கூஜாத் தண்ணீரை ஊற்றி மெரில் ஸ்ட்ரீப்புக்குத் தலை அலசிவிடும் இடத்தில் சரியாக நின்றுவிடுகிறது. துடைத்தும் பார்த்தாச்சு, பலனில்லை.

கென்யாவில் என்கோங் மலையடிவாரத்தில் படத்தின் நாயகி கேரன் பிளிக்ஸன் காப்பித் தோட்டம் போட்ட கதையை அம்மாவிடம் சொல்லி வைத்தேன். "அவ்வளவு உசரத்துல காப்பி எப்படிடா காய்க்கும்?" என்று கேட்டார். கேரனுக்கும் அதுதான் பிரச்சினை! இப்போது படம் பார்த்தே ஆக வேண்டுமாம். ஆங்கிலம் வராது. நான் வரிவரியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் படத்தில் வரும் மொசார்ட்டின் கிளாரினெட் இசை எங்கே காதில் விழும்?

தமிழ் சப்டைட்டிலோ, முறையாக வாங்கக்கூடிய நல்ல பிரதியோ எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முடிவை மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பார்.