பொருள்: பழைய செயலியில் செயலி இயங்காது – 'கம்பாட்டிபிலிட்டி லேயர்' தமிழில்?

குழுவினருக்கு வணக்கம்.

ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிக்கு உதவிக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 2012இல் வந்த முதல் பையில், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்க உதவும் ஒயின் (Wine) மென்பொருள் இருந்தும் விண்டோஸ் மென்பொருள் ஏன் இயங்குவதில்லை என்பதை விளக்க வேண்டும். வரைவில் "பழைய செயலியில் இந்தச் செயலி இயங்காது" என்று ஒரு வாக்கியம் விழுந்துவிட்டது. படித்த என் தங்கை, "தனக்குள் தானே எப்படி இயங்கும்?" என்றாள். பிராசசருக்கு நாம் வைத்த பெயரை ஆப்புக்கு எடுத்துக்கொண்டுவிட்டன நாளிதழ்கள். சில்லை 'நுண்செயலி' என்றும் மற்றதை 'நிரல்' என்றும் மாற்றிவிட்டேன்.

சிக்கல், ஒயின் போன்றவற்றைக் குறிக்கும் 'கம்பாட்டிபிலிட்டி லேயர்' என்ற சொல்லில்தான். 'பொருத்த அடுக்கு' என்றால் ஜாதகக் கட்டு நினைவுக்கு வருகிறது. 'ஒத்திசைவு' சிங்க் செய்வதற்குப் போய்விட்டது. 'துபாசி' (இருமொழி அறிந்த மொழிபெயர்ப்பாளர்) என்று வைத்தால் என்ன? விண்டோஸ் நிரல் தன் முறையில் கோப்பைத் திறக்கச் சொல்கிறது. ஒயின் அதை லினக்ஸுக்குப் புரியும் அழைப்பாக்கிக் கொடுக்கிறது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை செய்த வேலைதானே?

---

அன்புள்ள தம்பி,

துபாசி அழகான சொல். ஆனால் உங்கள் குறிப்பு எதை விளக்க வந்ததோ, அதையே அது மறைத்துவிடும்.

ஒயின் மாற்றுவது அழைப்புகளை மட்டுமே. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே நிரல் செய்யும் கூட்டல், ஒப்பிடல் எல்லாம் நேரே சில்லுக்குப் போகின்றன. மேசைக்கணினிக்கு எழுதிய நிரலில் இருப்பவை எக்ஸ்86 வகைச் சில்லுக்கான ஆணைகள். முதல் பையில் இருப்பதோ ஏஆர்எம் என்ற வேறு குடும்பத்துச் சில்லான ஏஆர்எம்1176. அதற்கு அந்த ஆணைகள் விளங்கா. 'துபாசி' என்று படித்தவர், "மொழிபெயர்ப்பவர் உடனிருந்தும் ஏன் புரியவில்லை?" என்றுதான் கேட்பார்.

ஏஆர்எம்முக்கென்றே செய்த விண்டோஸ் ஆர்டி பதிப்பின் நிரல்களைக் கொடுத்தாலும் பயனில்லை. அவை தம்ப்-2 என்ற பிற்கால ஏஆர்எம் ஆணைகளால் ஆனவை. 1176க்கு தம்ப்-2 தெரியாது. ஒரே குடும்பம்தான், பேரன் பேசுவது தாத்தாவுக்குப் புரியவில்லை.

ஆணைகளையே மாற்றித் தருவது குவீமு (QEMU) போன்ற எமுலேட்டர்களின் வேலை. துபாசிப் பட்டம் அதற்குத்தான் பொருந்தும். நான் 'ஆணைபெயர்ப்பி' என்பேன். அதை இயக்கி, மேலே ஒயினையும் ஏற்றிச் சுமக்க 700 மெகாஹெர்ட்ஸ் சில்லுக்குத் தெம்பு உண்டா என்பது வேறு கதை. 'போன்மி' என்றும் எமுலேட்டருக்குச் சொல்லலாம்தான், ஆனால் அதை மீமுக்கும் வைத்திருக்கிறார்கள். செயலிக்கு நேர்ந்த கதி!

உங்கள் சொல்லுக்கு வருகிறேன். 'இணக்க அடுக்கு' என்றால் சொன்னபடி கேட்டுக்கொண்டு சும்மா கிடக்கும் அடுக்கு போலத் தோன்றுகிறது. 'இணக்கு' என்பது பிறவினை; ஒத்துப்போகாத இருவரை ஒத்துப்போகச் செய்வது. இணக்கு + அடுக்கு = இணக்கடுக்கு. வினைத்தொகை; குற்றியலுகரம் கெட்டுப் புணர்கிறது. 1993இலிருந்து ஒயின் செய்துவருவது இதைத்தான்.

---

ஐயா, வணக்கம்.

ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு தயக்கம்: சேர்த்து எழுதினால் கண் 'இணக்' என்று நின்று, 'கடுக்கு' என்று கடுகைத் தேடுகிறது. முதலில் வரும் இடத்தில் மட்டும் 'இணக்கு அடுக்கு' என்று பிரித்தே எழுதப்போகிறேன். இலக்கணம் மன்னிக்கட்டும்.

திருத்திய வாக்கியம்: "இணக்கு அடுக்கு அழைப்புகளை மாற்றும்; ஆணைகளை மாற்றாது. ஆகவே எக்ஸ்86 நிரல் இந்த நுண்செயலியில் இயங்காது."

தங்கையிடம் படித்துக் காட்டினேன். "அப்படியானால் ஆணைபெயர்ப்பியை எப்படி நிறுவுவது? அதை ஏன் எழுதவில்லை?" என்கிறாள்.