1986 கிரிக்கெட் டீம் ஆட்களைத் தேடுகிறோம்

எல்லோருக்கும் வணக்கம். 1986-87இல் நம்ம பள்ளிக்கு ஆடிய டீமில் ஏழு பேர் ஒரு வழியாகச் சேர்ந்துவிட்டோம். மிச்சப் பேரைக் கண்டுபிடிக்க உங்கள் உதவி வேண்டும்.

முக்கியமாக, விக்கெட் கீப்பர். அப்பா ரயில்வே, பொன்மலை குவார்ட்டர்ஸில் வீடு. பிளஸ் டூ முடித்ததும் குடும்பமே மாற்றலாகி விஜயவாடா பக்கம் போய்விட்டது. பிட்சில் விரிக்கும் கயிற்றுப் பாயை (மேட்) சுருட்டி சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவது அவன்தான். அதை விரித்து ஆணி அடிக்கும்போது யாரையும் கிட்ட விடமாட்டான். சேப்பாக்கத்தில் இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட் டையில் (ரன் சமமாகி) முடிந்த அன்று டிரான்சிஸ்டரைச் சுற்றி நின்றவர்களுக்கு நினைவிருக்கும்: நம்ம கடைசி ஆள் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆனதும், பேட்டில் பட்டது என்று திருச்சியில் நின்றுகொண்டே அம்பயரோடு சண்டை போட்டவன்!

அப்புறம், ஒரு வருட சீனியரான இடது கை ஸ்பின்னர். பாலிடெக்னிக்கில் சேர்ந்தார் என்பது வரை தெரியும். ஸ்கோர் எழுதிய தம்பி அப்போது ஒன்பதாம் வகுப்பு. அந்த ஸ்கோர் புத்தகமும் கிடைத்தால் சந்தோஷம் (நான் இப்போது சொல்லும் ரன் கணக்கோடு அது ஒத்துப்போகுமா என்பது வேறு விஷயம்).

பொங்கல் லீவில் திருச்சியில் கூடுவதாகத் திட்டம். முழங்கால் ஒத்துழைத்தால் டென்னிஸ் பந்தில் பத்து ஓவர். பொன்மலைக்காரர்கள் யாருக்காவது தகவல் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். போன் நம்பரை இங்கே பொதுவில் போட வேண்டாம். முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.