சரளை மண் தென்னந்தோப்பில் வயர்லெஸ் ஈரப்பத சென்சார்: எத்தனை வைப்பது?

கண்மாய்க்கரை:
வணக்கம். தேவகோட்டை பக்கம் மூன்று ஏக்கர் தென்னை, சொட்டுநீர் போட்டிருக்கிறேன். மேலே செம்மண், முழங்கால் ஆழம் போனால் செம்புரான் சரளை. கோடையில் போர் ஒரு மணி நேரம் ஓடினாலே காற்று வாங்குகிறது. சென்சார் வைத்தால் மோட்டார் தானாகவே ஓடி நிற்கும் என்கிறான் வெளியூரில் இருக்கும் மகன். விற்க வந்தவர் ஏக்கருக்கு எட்டு என்கிறார். அவ்வளவு வேண்டுமா? தோப்புக்குள் சிக்னல் கிடைக்குமா?

வால்வுக்காரன்:
எட்டா! அவர் சென்சார் விற்கிறாரா, கல்யாண வீட்டு சீரியல் பல்பு விற்கிறாரா?

அண்ணே, ஒரு வால்வு பாய்ச்சும் பகுதிக்கு ஒரு இடம் போதும். அந்த இடத்தில் ஒரு அடி ஆழத்தில் ஒன்று, சரளை தொடங்குவதற்குச் சற்று மேலே இன்னொன்று. கீழே இருப்பது நனைந்துவிட்டால் அதற்கு மேல் விடுகிற தண்ணீர் வேருக்கு இல்லை, சரளைக்குத்தான். உங்கள் மண்ணுக்கு அந்தக் கீழ் சென்சார்தான் முக்கியம். சொட்டுவானுக்கு நேர் கீழே புதைக்காதீர்கள், ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

புதைக்கும்போது கல் தங்கினால் சுற்றிலும் காற்று நிற்கும். ஈரம் இருந்தாலும் காய்ந்ததாகக் காட்டும். தோண்டிய மண்ணையே சலித்து, குழைத்து, இறுக்கி அடையுங்கள். இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் மலிவு சென்சார் வேண்டாம், துருப்பிடித்துவிடும். உலோகம் மண்ணில் படாத கெபாசிட்டிவ் வகை கேளுங்கள். செயலி காட்டும் சதவீதத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். நன்றாக நனைத்து ஒரு நாள் வடியவிட்டு வரும் எண்தான் உங்கள் மண்ணுக்கு 'நிறைவு'.

சிக்னலுக்கு லோரா, அதாவது குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் போகும் ரேடியோ. வைஃபை அலையை ஈர மட்டை தின்றுவிடும். நம் நாட்டில் 865-868 மெகாஹெர்ட்ஸுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வெளிநாட்டு 915 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஆன்டெனா உயரமாக இருக்கட்டும்.

கண்மாய்க்கரை:
சரி தம்பி. மோட்டார் தானாக ஓடுமா?

வால்வுக்காரன்:
மும்முனை கரண்ட் வரும்போதுதானே ஓடும்? நேரத்தை சென்சார் முடிவு செய்ய முடியாது. கரண்ட் வந்ததும் எந்த வால்வு திறக்க வேண்டும், எதை இன்று விட்டுவிடலாம் என்று சொன்னாலே உங்கள் போருக்குப் பெரிய உதவி. தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் கட்-ஆஃப் கருவியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

செவ்வாழை:
முதலில் செலவு குறைவாகப் பாருங்கள் சார். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரம் காட்டும் கருவி ஒன்று உண்டு. குத்திப் பார்த்தால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று விளக்கு எரியும். சிவப்பென்றால் உடனே தண்ணீர் விட வேண்டும். ஆனால் சரளையில் ஓங்கிக் குத்தாதீர்கள், கம்பி வளைந்துவிடும்.